சம்பங்கிக்கு ஆனைக்கற்றாழை என்ன முறை?

(பெங்களூர் சிவாஜிநகரில் தமிழ் அன்பர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வரும் வழியில் ரஸல் மார்க்கெட்டுக்கு வெளியே இறங்கி கால் கிலோ சம்பங்கி வாங்கினேன். நான் சம்பங்கி என்று கேட்டேன், பூக்காரம்மா சுகந்தராஜ என்று சொல்லித் தராசில் போட்டார். இந்தக் கூடத்தில் இப்போது மணப்பது அந்தப் பூதான். மேஜையின் அந்தப் பக்கம் இருக்கும் முள் மடலையும் பாருங்கள். அது ஆனைக்கற்றாழை. ரயில் பாதை ஓரத்தில் வேலியாக நிற்குமே, மடலை அழுகவைத்து நார் எடுப்பார்களே, அதே செடி. ஒன்று மாலையில் தொடுக்கிற பூ, மற்றது மாடு மேயாமல் தடுக்கிற வேலி. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சொன்னால் நம்புவீர்களா? இன்றைக்குத் தாவரவியலார் சம்பங்கியைக் கற்றாழையின் அகேவ் பேரினத்துக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். இரண்டுக்கும் பூர்வீகம் மெக்சிகோ.

இந்த உறவு முதலில் தெரியவந்த விதம் சுவையானது. பூவின் அமைப்பைப் பார்த்துக் குடும்பம் பிரிப்பதுதான் பழைய முறை. இதழ்களுக்கு மேலே சூற்பை இருந்தால் லில்லி குடும்பம், கீழே இருந்தால் அமரில்லிஸ் குடும்பம் என்று ஒரு கோடு போட்டிருந்தார்கள். பெங்களூர்ப் பங்களாத் தோட்டங்களில் வெள்ளை மணிகளைக் கொத்தாகத் தொங்கவிடும் யூக்கா செடிக்குச் சூற்பை மேலே. ஆனைக்கற்றாழைக்குக் கீழே. ஆகவே யூக்கா ஒரு குடும்பத்துக்கும் கற்றாழை இன்னொரு குடும்பத்துக்கும் போயின.

1933-இல் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அர்னால்டு மரப்பூங்காவைச் சேர்ந்த சூசன் மெக்கெல்வி, கார்ல் சாக்ஸ் என்ற இருவரும் இவற்றின் செல்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். செல்லின் உட்கருவுக்குள் நூல் போல இருக்கும் குரோமோசோம்கள்தான் மரபைச் சுமப்பவை. யூக்காவின் மகரந்தத்தில் 30 குரோமோசோம்கள், அவற்றில் 5 நெடியவை, 25 புள்ளி போலக் குறுகியவை. கற்றாழையிலும் 30, அதே 5, அதே 25. சம்பங்கியிலும் இதே கணக்குதான். முப்பது என்ற எண் மட்டும் ஒத்திருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஐந்து பெரியது, இருபத்தைந்து சிறியது என்ற இந்த விநோதமான குடும்ப அடையாளம் சம்பந்தமில்லாத செடிகளில் அப்படியே வந்து அமையாது. பல பத்தாண்டுகள் கழித்து டி.என்.ஏ வரிசையைப் படிக்கும் வசதி வந்தபோது அதுவும் இதையே சொன்னது. சூற்பை மேலா கீழா என்ற கோடு அழிந்தது.

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். பூமூலம் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. பார்க்காமல் விட்டால் நம் காலடியில் கிடக்கும் செடியின் கதை நமக்குத் தெரியாமலே போய்விடும்.

இதுவரை சொன்னது குரோமோசோமின் எண்ணும் உருவமும். இன்று நான் பேச வந்தது அதன் நடத்தையைப் பற்றி. ஒவ்வொரு செடிக்கும் தாய் வழியில் ஒரு தொகுதி, தந்தை வழியில் ஒரு தொகுதி என இரண்டு தொகுதி குரோமோசோம்கள் வருகின்றன. இலையிலும் தண்டிலும் வேரிலும் இவை ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் ஒன்றை ஒன்று கண்டுகொள்வதில்லை. மகரந்தமும் கருமுட்டையும் உருவாகும் சமயத்தில் மட்டும், மொட்டுக்குள் சிறிது நேரத்துக்கு, தாய் வழி வந்த ஒன்றாம் குரோமோசோம் தந்தை வழி வந்த ஒன்றாம் குரோமோசோமைத் தேடிப் பிடித்து, தலையோடு தலை, காலோடு கால் ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டாவது இரண்டாவதோடு, மூன்றாவது மூன்றாவதோடு. பிறகு பிரிந்து எதிர்த் திசைகளில் போகும். குன்றல் பகுப்பு என்று பாடப்புத்தகத்தில் பிள்ளைகள் படித்திருப்பீர்கள். மதிப்பெண்ணுக்காகப் படங்களை மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்த ஜோடி சேர்தலுக்குள் ஒரு சாட்சியம் இருக்கிறது என்பதை எனக்கும் அந்த வயதில் யாரும் சொல்லவில்லை.

சாட்சியம் இதுதான். இரண்டு வேறு இனச் செடிகளைக் கலப்பினம் செய்யுங்கள். பிறக்கும் பிள்ளையின் மொட்டுக்குள் அப்பன் வீட்டுக் குரோமோசோமும் அம்மா வீட்டுக் குரோமோசோமும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. ஒன்றை ஒன்று அடையாளம் கண்டு முழுக்க ஜோடி சேர்ந்தால், அந்த இரண்டு இனங்களும் பிரிந்து அதிக காலம் ஆகவில்லை. பாதி சேர்ந்து பாதி தனித்து நின்றால் தூரத்துச் சொந்தம். ஒன்றுகூடச் சேராமல் திசைக்கொன்றாகச் சிதறினால், பிரிந்து போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. பூவின் நிறம் ஏமாற்றும், இலையின் வடிவம் ஏமாற்றும். ஒரே வெயிலில் வளர்ந்த அந்நியச் செடிகள் இரண்டு ஒரே சாயலுக்கு வந்துவிடும். இந்தச் சந்திப்பு அவ்வளவு எளிதில் ஏமாற்றாது.

இதைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். காலையில் மொட்டைப் பறித்து, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசெட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் போட வேண்டும். மறுநாள் ஊசி முனையால் மகரந்தப்பையைப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு அசிட்டோகார்மைன் விட்டு, மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, ஒற்றுத்தாள் வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். கார்மைன் என்பது சப்பாத்திக்கள்ளியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம். அது குரோமோசோமைப் பிடித்துக்கொள்ளும். கஷ்டம் மொட்டைத் தேர்வு செய்வதில்தான். கொஞ்சம் சிறிய மொட்டு என்றால் பகுப்பு தொடங்கியிருக்காது, கொஞ்சம் பெரியது என்றால் மகரந்தமே ஆகிப் போயிருக்கும். நான் மாணவனாக இருந்தபோது ஒரு கோடை முழுக்க இப்படித் தோற்றேன். ஒரு நாள் காலை சரியான மொட்டு அமைந்தது. நுண்ணோக்கிக் குழாயை ஒட்டிக் கண்ணை வைத்தபோது, இளஞ்சிவப்பு வெளியில் ஜோடி ஜோடியாக அவை நின்றன. ஆய்வகத்தில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஐம்பது ஆண்டு ஆகப்போகிறது. அந்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை.

நம்ம ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன். இந்தத் தெருக்களில் கீரைக்கட்டு விற்பவர்களிடம் மணத்தக்காளி கேட்டால் கணிகெ சொப்பு என்று எடுத்துக் கொடுப்பார்கள். வாய்ப்புண்ணுக்குப் பாட்டி கடைந்து போடுவது. சாக்கடை ஓரத்திலும் இடிந்த சுவரடியிலும் தானாக முளைத்து, நட்சத்திரம் போல வெள்ளைப் பூ பூக்கும். பழம் சில செடியில் பளபளவென்று கறுப்பாக இருக்கும், சிலவற்றில் மங்கிய கறுப்பு, சிலவற்றில் ஆரஞ்சுச் சிவப்பு. நமக்கு எல்லாம் மணத்தக்காளிதான். 1753-இல் செடிகளுக்கெல்லாம் பெயர் வைத்த லின்னேயஸும் இவற்றை ஒரே இனத்தின் வகைகளாகவே எழுதினார்.

மொட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு வேறு கதை தெரிந்தது. ஒன்றில் 24 குரோமோசோம்கள். ஆரஞ்சுப் பழம் தருவதில் 48. மங்கிய கறுப்புப் பழம் தருவதில் 72. இரண்டு தொகுதி, நான்கு தொகுதி, ஆறு தொகுதி. இருமடியம், நான்மடியம், அறுமடியம் என்போம். நம் கர்நாடகத்திலேயே தார்வாட் கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சென்னவீரய்யா இந்தக் கூட்டத்தை ஆராய்ந்தவர்களில் ஒருவர்.

72 எங்கிருந்து வந்தது? 24 உள்ள செடியின் மகரந்தத்தில் 12. 48 உள்ளதில் 24. இரண்டும் கூடினால் பிள்ளைக்கு 36. மூன்று தொகுதி இருப்பதால் சரியாக ஜோடி சேர வழியில்லை, மகரந்தம் சூம்பிப் போகும், விதை பிடிக்காது. இயற்கையில் எப்போதாவது செல் பிரியும்போது ஒரு தவறு நேரும். இரட்டித்த குரோமோசோம்கள் இரண்டு செல்லாகப் பிரியாமல் ஒரே செல்லுக்குள் தங்கிவிடும். 36 அப்படியே 72 ஆகும். இப்போது ஒவ்வொன்றுக்கும் அச்சு அசலான இணை ஒன்று கிடைத்துவிட்டது. ஜோடி சேரும், விதை பிடிக்கும். மலடாக நின்ற செடி ஒரே தலைமுறையில் புதிய இனத்தின் முதல் தாய் ஆகிவிடுகிறது. ஊகமாக மட்டும் இது நிற்கவில்லை. இருமடியத்தையும் நான்மடியத்தையும் கலந்து, இரட்டிக்க வைத்து, அறுமடியத்தை உண்டாக்கிப் பார்த்த சோதனைகள் இந்தியாவிலேயே நடந்தன. லட்சக்கணக்கான ஆண்டு மெதுவாக மாறித்தான் புது இனம் வரும் என்று நினைத்திருக்கிறோம். நாம் மணத்தக்காளி என்று சொல்லும் கீரைகளில் ஒன்றோ ஒரே தாவலில் வந்த இனம்.

காட்டுப்பூ ஒன்றின் பிறப்பை இப்படி முதன்முதலில் செய்து காட்டியவர் சுவீடனின் ஆர்னே முன்ட்சிங். ஆண்டு 1930. துளசி குடும்பத்தைச் சேர்ந்த கேலியோப்சிஸ் என்ற வயல்வெளிப் பூவில், 16 குரோமோசோம் உள்ள இரண்டு இனங்களைக் கலந்து, 32 உள்ள மூன்றாவது இனத்தைத் தோட்டத்தில் உருவாக்கினார். அதை வயலில் தானாக வளர்ந்திருந்த 32-உடன் கலந்தபோது குரோமோசோம்கள் தயக்கமின்றி ஜோடி சேர்ந்தன, விதையும் பிடித்தது. அந்தச் செடி தன் பெற்றோரைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டது.

ரஸல் மார்க்கெட்டுக்கு ஒரு நிமிடம் திரும்பிப் போவோம். தலைக்கு வைக்கிற கனகாம்பரத்தில் டெல்லி கனகாம்பரம் என்று ஒரு ரகம் உண்டு. அது மும்மடியம். விதை பிடிக்காது, தண்டை வெட்டி நட்டுத்தான் பெருக்குவார்கள். பெரிய செண்டுப்பூவுக்கு 24 குரோமோசோம், சின்னச் செண்டுப்பூவுக்கு 48. ஆயுத பூஜைக்குக் குவிக்கும் மலைமலையான பூக்களுக்குள் இத்தனை வம்சக் கதை கிடக்கிறது.

அடுத்தது ஈனோத்தீரா. வட அமெரிக்காவின் மஞ்சள் காட்டுப்பூ, நம் அந்திமந்தாரை போல மாலையில் மலர்வது. இதைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க மனம் வராது. ஹ்யூகோ டி விரிஸ் 1901-இல் திடீர்மாற்றக் கொள்கையை எழுதியது இதைப் பார்த்துத்தான். அவர் கண்ட மாற்றங்களில் பெரும்பாலானவை உண்மையில் திடீர்மாற்றங்களே அல்ல, குரோமோசோம்களின் விசித்திர நடத்தை என்பது பிறகு தெரிந்தது. 14 குரோமோசோம்கள் ஏழு ஜோடியாக நிற்பதற்குப் பதில், சில செடிகளில் பதினான்கும் கை கோத்து ஒரே வளையமாக நின்றன. கும்மி அடிக்கும் பெண்கள் போல.

ஏன் வளையம்? ஒரு குரோமோசோமின் நுனி உடைந்து இன்னொன்றோடு ஒட்டிக்கொள்வதும், அதன் நுனி இதற்கு வந்து சேர்வதும் உண்டு. மாற்றுச் சம்பந்தம் மாதிரி. ஜோடி சேரும்போது ஒவ்வொரு நுனியும் தன் பழைய இணையையே தேடும். ஆகவே ஒரு கை ஒருவரையும் மறு கை வேறொருவரையும் பிடிக்க வேண்டி வருகிறது. சங்கிலி நீண்டு வளையம் ஆகிறது. இந்தியானா பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் கிளீலண்ட் தம் ஆயுளையே இந்தப் பூவுக்குக் கொடுத்தார். நுனிகளுக்கு 1 முதல் 14 வரை எண் கொடுத்து, ஊர் ஊராகச் சேகரித்த செடிகளைத் தமக்குத் தெரிந்த செடிகளோடு கலந்து, எத்தனை ஜோடி, எத்தனை பெரிய வளையம் என்று பார்த்து, எந்த நுனி எதோடு ஒட்டியிருக்கிறது என்று பட்டியல் போட்டார். நுனி அமைப்பு ஒத்திருந்தால் நெருங்கிய உறவு. வேறுபாடு கூடக் கூட உறவு தூரம். எந்தக் கூட்டத்திலிருந்து எது பிரிந்து எந்தத் திசையில் பரவியது என்று ஒரு கண்டம் முழுவதற்கும் வம்சாவளி எழுதிவிட்டார். 1972-இல் அது புத்தகமாக வந்தது. கல்வெட்டும் ஓலையும் இல்லாத ஒரு வரலாற்றை மொட்டுக்குள்ளிருந்து படித்தவர் அவர்.

இனி நம் வீட்டு அம்மையாரிடம் வருகிறேன். ஜானகி அம்மாள். 1897-இல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றவர். 1934-இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்துக்கு வந்தார். அதே ஆண்டு இந்தப் பெங்களூரில் சர் சி.வி. ராமன் இந்திய அறிவியல் அகாதமியைத் தொடங்கினார், அடுத்த ஆண்டே ஜானகி அம்மாள் அதன் உறுப்பினர்.

கோயம்புத்தூரில் அவர் செய்ததை நினைத்தால் இன்றும் வியப்பு. கரும்பை அதன் காட்டுச் சொந்தமான பேய்க்கரும்போடு கலப்பது அங்கே முன்பே நடந்த வேலை. இவர் கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து, அந்தப் பிள்ளையின் குரோமோசோம்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்தார். புல் வகைகளுக்குள் யார் யாருக்கு எவ்வளவு தூரத்து உறவு என்பதை அப்படித்தான் அளந்தார். 1939-இல் எடின்பரோ மரபியல் மாநாட்டுக்குப் போனவர் போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். குண்டு விழும் லண்டன் புறநகரில், ஜான் இன்னஸ் நிலையத்தில் ஸ்லைடு பார்த்தார். 1945-இல் சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ், ஆயிரக்கணக்கான செடிகளின் எண்ணிக்கையை ஒரே இடத்தில் திரட்டித் தந்தது. பிறகு விஸ்லித் தோட்டத்தில் மக்னோலியாவையும் ரோடோடென்ரானையும் எடுத்துக்கொண்டார்.

ரோடோடென்ரான் நமக்கு அந்நியம் அல்ல. ஊட்டிக்குப் போனவர்கள் சோலை ஓரத்தில் சிவப்பாகப் பூத்திருக்கும் மரத்தைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். அதன் இமயத்து உறவினர் நூற்றுக்கணக்கில் உண்டு. 1950-இல் ஜானகி அம்மாளும் உடனிருந்தவர்களும் அவற்றின் எண்ணிக்கையை வெளியிட்டார்கள். இந்த மரங்களின் வகையில் பெரும்பாலும் 26. இலையில் செதில் உள்ள குட்டைப் புதர்களில்தான் 26-இன் மடங்குகள் நிறைய வருகின்றன. இதிலிருந்து அவர் ஒரு பெரிய கேள்விக்குப் போனார். மேற்கு இமயம் குளிர், ஆனால் வறட்சி. கிழக்கு இமயம் குளிர், ஆனால் ஈரம். கிழக்கில் புதுப்புது இனங்கள் அதிகம் தோன்றியதற்குக் குரோமோசோம் இரட்டிப்பு ஒரு காரணம் என்றார். சீனத்துச் செடிகளும் மலாயாச் செடிகளும் நம் செடிகளும் சந்திக்கும் இடம் அது. கலப்பு நடக்கிறது, கலப்பு இரட்டிக்கிறது, புதிய இனம் பிறக்கிறது. மணத்தக்காளியில் நாம் கண்ட அதே கதை, ஒரு மலைத்தொடரின் அளவில்.

1951-இல் நேரு அழைத்ததால் திரும்பி வந்து இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1970-இல் சென்னைக்கு வந்து, மதுரவாயலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வகத்தில் மூலிகைகளோடு வேலை செய்தார். 1984 பிப்ரவரியில், 86 வயதில் மறைந்தார். இப்போது மதுரவாயல் என்றால் நமக்கு மேம்பாலமும் நெரிசலும்தான் நினைவுக்கு வருகின்றன. அங்கே ஒரு மூதாட்டி கடைசி வரை மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தார் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. கோதுமையில் ஒரு மரபணு, நெருங்கிய சொந்தங்கள்கூட ஜோடி சேராதபடி காவல் காக்கிறது. அங்கே ஜோடி சேரவில்லை என்பதால் உறவில்லை என்று தீர்ப்புச் சொன்னால் தவறிவிடுவோம். டி.என்.ஏ வரிசை இன்று இன்னும் நுட்பமாகச் சொல்கிறது, மகிழ்ச்சி. ஆனால் அதை நம்பி மொட்டைப் பார்ப்பதையே விட்டுவிடுவது எனக்கு உடன்பாடில்லை. எழுத்துகளை வரிசையாகப் படித்துவிட்டாலும், அவை எத்தனை ஏடுகளாகக் கட்டப்பட்டிருக்கின்றன, எந்த ஏடு எதோடு சேர்கிறது என்று தெரிய செல்லைப் பார்த்தே ஆக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் யாரும் எண்ணிப் பார்க்காத பூக்கள் இன்னும் இருக்கின்றன. எண்ணத் தெரிந்தவர்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

பெங்களூரைச் சுற்றியுள்ள பாறைக்காடுகளில் கோடையில் இலையே இல்லாமல் ஒரு தண்டு மட்டும் மண்ணிலிருந்து எழும்பி, மங்கிய சிறு பூக்களைச் சாயங்காலம் விரிக்கும். நரிவெங்காயம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் டி.எஸ். ராகவனும் கே.ஆர். வெங்கடசுப்பனும் 1940 வாக்கிலேயே அதன் செல்களை ஆராய்ந்து எழுதினார்கள். பின்னால் நாட்டின் பல பகுதிகளிலிருந்து எடுத்துப் பார்த்தவர்கள் 20, 30, 40 என்று மூன்று எண்ணிக்கையும் கண்டார்கள். 30 உள்ளது மும்மடியம். விதையை நம்பாமல் கிழங்கு பிரிந்தே பிழைக்கிறது. வெளியே பார்த்தால் மூன்றும் ஒரே நரிவெங்காயம். இந்த ஊரின் பாறைகளில் நிற்பது எது என்று பார்க்க ஒரு நுண்ணோக்கியும் ஒரு கோடை விடுமுறையும் போதும்.

பின்வரிசைக்கு அருகில் ஜன்னலோரம் நுண்ணோக்கி ஒன்று வைத்திருக்கிறேன். அதில் இருப்பது ரியோ செடியின் மொட்டு. உங்கள் வீட்டு மாடித் தொட்டிகளில் இருக்கும், இலையின் மேல் பச்சை, அடியில் ஊதா, படகு போன்ற மடலுக்குள் சின்ன வெள்ளைப் பூ. அதற்குப் பன்னிரண்டு குரோமோசோம்கள். இன்று காலை அழுத்திய ஸ்லைடு, சாயம் நன்றாகப் பிடித்திருக்கிறது. பிள்ளைகள் முதலில் வாருங்கள். இடது கண்ணை மூட வேண்டாம், திறந்தே வைத்துக்கொண்டு பாருங்கள். நடுவில் கொஞ்சம் மேலே ஒரு செல்லில் பன்னிரண்டும் கை கோத்து நிற்கின்றன. ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்தவருக்கு இடம் விடுங்கள்.